கிறேஸ் ரீச்சரும் கொம்பியூட்டரின் இறைப்பு முறையும்

"ரீச்சர், எங்கடை கிறேஸ் ரீச்சர் மோசம் போட்டா."

உரும்பிராயிலிருந்து மாலதி தொலைபேசியில் இந்தச் சாவுச் செய்தியைச் சொன்னபோது நான் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேனா என்பதுகூட நினைவில்லை. "எத்தினை மணிக்கு?" என்றுதான் என் வாயில் வந்தது. ஆறுதல் சொல்லவில்லை, அழவில்லை, நேரத்தைக் கேட்டேன். மாலதி, "எட்டேகால். மணிக்கூட்டைப் பாத்துக் குறிச்சு வைச்சனான் ரீச்சர்" என்றாள். பிறகு இருவருமே அழுதோம். எது நடந்தாலும் முதலில் நேரத்தைக் குறித்துவை என்று எங்கள் இருவருக்கும் பழக்கியவரே அவர்தான்.

அவரை அறிந்தவர்கள்தான் இந்த நினைவு மலரை வாசிக்கப் போகிறீர்கள். நீர்வேலிப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் தட்டச்சும் வர்த்தகமும் கற்பித்தவர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மழை வெயில் எதுவானாலும் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கும் கறுப்புக் குடை, கோபம் வந்தால் இன்னும் மெதுவாகிவிடும் குரல். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். பழைய மாணவர்கள் பலர் கேட்கும் கொம்பியூட்டர்க் கதையை முழுவதும் அறிந்தவர்கள் இனி அதிகம் பேர் இல்லை. அதனால் அதை நான் சொல்கிறேன்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு, வெளிநாட்டில் இருந்த பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து எங்கள் பள்ளிக்கு ஒரு கொம்பியூட்டர் அனுப்பினார்கள். பெட்டியை உடைத்த அன்று ஆசிரியர்கள் எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். யாருக்கும் தொடத் துணிவில்லை. "தட்டச்சு மிசின் மாதிரித்தானே எழுத்துக் கிடக்கு" என்று சொல்லிக் கிறேஸ் ரீச்சர்தான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதிபர் அந்த இடத்திலேயே பொறுப்பை அவரிடம் கொடுத்துவிட்டார். நான் கணித ஆசிரியை என்பதால் துணைக்கு என்னையும் போட்டார்.

அவர் அந்தப் பெட்டிக்கு ஏன் அவ்வளவு ஆசைப்பட்டார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். கணிதத்தில் என்னிடம் தேறாத பிள்ளைகள்தான் பெரும்பாலும் அவரிடம் போவார்கள். மாலதியும் அப்படிப் போனவள். பின்னத்தைக் கண்டால் கொப்பியை மூடிவிடும் பிள்ளை. திரையில் தன் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்து முடித்ததும், "இது நான் அடிச்சதோ ரீச்சர்?" என்று கேட்டாள். "பின்னை, நானோ அடிச்சனான்? உம்மட விரல்தானே" என்றார் கிறேஸ் ரீச்சர். அன்று மத்தியானம் ஓய்வறையில் என்னிடம், "சரசு, பிழைவிட்டால் அழிச்சிட்டுத் திருப்பி எழுதலாம், தாளிலை கறை இருக்காது. உந்தப் பிள்ளையளுக்கு அப்பிடி ஒரு இடம் வேணும்" என்றார். சிவப்புப் பேனையால் கறை போட்டுக்கொண்டிருந்தவள் நான்தான். அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. ஆனாலும் எனக்குப் பட்டது.

மகிழ்ச்சி இரண்டு கிழமைகூட நீடிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பெட்டி தானாக அணைந்தது. அணைந்த வேகத்தில் மறுபடி எரிந்தது. பிள்ளைகள் அடித்ததெல்லாம் போய்விட்டது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினார்கள். கால் மணித்தியாலத்தில் மறுபடி அணைந்து எரிந்தது. அன்று காலையில் மட்டும் ஆறு தடவை. அடுத்த நாள் ஒன்றுமே இல்லை. சமர்த்துப் பிள்ளைபோல் ஓடியது. வெள்ளிக்கிழமை மறுபடி தொடங்கியது.

செய்யக்கூடியதையெல்லாம் செய்தோம். பிளக்கை மாற்றினோம். மூடியைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே பல்லி முட்டை இரண்டும் கொஞ்சம் எறும்பும் இருந்தன. தூரிகையால் தட்டித் துடைத்தோம். சூடாகிறதோ என்று நினைத்து நான் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு நின்றேன். "கோயில் வாகனத்துக்கு வீசுறமாதிரி வீசுறீர் சரசு, உதுக்கு வரம் தரத் தெரியாது" என்று சிரித்தார். அதிபர் தன் வீட்டிலிருந்து கரண்டைச் சீராக்கும் ஸ்ரெபிலைசரைக் கொண்டுவந்து பூட்டினார். அது டக், டக்கென்று அடித்துக்கொண்டதே தவிர, கொம்பியூட்டர் முன்பைவிட மோசமாக அணைந்தது. கடைசியில் வாடகைக் காரில் ஏற்றி யாழ்ப்பாணப் பட்டினத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே திருத்துபவரின் மேசையில் மூன்று நாள் இருந்தது. ஒரு தடவைகூட அணையவில்லை.

"ரீச்சர், இதுக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்றார் அவர்.

"டொக்டரிட்டைப் போனவுடனை நிக்கிற பல்லுவலி மாதிரி" என்றார் கிறேஸ் ரீச்சர்.

திரும்பக் கொண்டுவந்து பூட்டியதும் பழையபடிதான். அந்தக் கிழமை அதிபர் எங்களைக் கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. பாவிக்க முடியாவிட்டால் பள்ளித் தவணை முடிவில் அதைப் பட்டினத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். "நான் என்ன ரீச்சர் செய்யிறது? சும்மா வைச்சுக்கொண்டிருக்கேலாது" என்றார் அதிபர். கிறேஸ் ரீச்சர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். அறையை விட்டு வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இதையும் பட்டினத்துக்குக் குடுத்தால் எங்கடை பிள்ளையளுக்கு என்ன மிஞ்சும்?" அந்தக் குரலின் மெதுவில் அவருடைய கோபத்தின் அளவு எனக்குத் தெரிந்தது.

ஆனால் அவர் அதற்கு முன்பே ஒரு வேலை தொடங்கியிருந்தார். முதல் திங்களிலிருந்தே பெட்டி அணையும் ஒவ்வொரு தடவையும் நாளையும் நேரத்தையும் ஒரு கடதாசியில் குறித்து வந்திருந்தார். ஐந்தாவது கிழமை அதை என்னிடம் தந்தார். "நீர் கணக்கு ரீச்சர். இதிலை ஒரு ஒழுங்கு இருக்கோ எண்டு பாரும்."

பார்த்தேன். முதல் கிழமை திங்களும் வெள்ளியும். இரண்டாவது கிழமை செவ்வாய். மூன்றாவதில் புதன். நான்காவதில் வியாழன். ஐந்தாவதில் மறுபடி திங்கள். இடைவெளிகளை எண்ணினேன். நான்கு, இரண்டு, ஆறு, ஆறு, இரண்டு என்று வந்தது. கூட்டிப் பார்த்தேன், பெருக்கிப் பார்த்தேன், ஒரு தாள் முழுவதும் எழுதிப் பார்த்தேன். "ஒழுங்கு ஒண்டும் இல்லை ரீச்சர். இது தன்ரை எண்ணத்துக்கு நடக்குது" என்று திருப்பிக் கொடுத்தேன்.

அவர் தாளை வாங்கி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரசு, வெள்ளிக்கும் அடுத்த செவ்வாய்க்கும் இடையிலை எத்தினை நாள்?"

"இரண்டு."

"வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். நாலு எல்லே?"

"சனி ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லையே ரீச்சர்."

"பள்ளிக்கூடத்துக்குத்தான் லீவு. பழுதுக்கு ஆர் லீவு குடுத்தது?"

இருபது வருடம் பாட அட்டவணையோடு வாழ்ந்தவள் நான். எனக்கு ஒரு கிழமைக்கு ஐந்து நாள்தான். சனி ஞாயிறைச் சேர்த்து எண்ணியபோது கணக்கு நாலு, நாலு, எட்டு, எட்டு, நாலு என்று கண்முன்னே வரிசையாக நின்றது. அந்த இரண்டு எட்டுகளில் ஒவ்வொன்றின் நடுவிலும், பூட்டிய அறைக்குள் யாரும் பார்க்காத ஒரு நாள், ஒன்றில் சனியும் மற்றதில் ஞாயிறும், ஒளிந்திருந்தது. நாலு நாளுக்கு ஒரு தடவை, தவறாமல். அன்று தொடக்கம் என் வகுப்பில் இந்த உதாரணத்தை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. விடை தெரியவில்லை என்றால் எதை எண்ணாமல் விட்டாய் என்று முதலில் பார்.

"சரி. நாலு நாளுக்கு ஒருக்கா இந்த ஊரிலை என்ன நடக்கும்?" என்று கேட்டார். அவர் மிஷன் ஆஸ்பத்திரித் தாதி ஒருவரின் மகள். தோட்டம் தெரியாது. நான் தோட்டக்காரன் மகள். அவர் கேட்ட கணமே எனக்கு விளங்கிவிட்டது. என் தகப்பன் வீட்டுக் கிணற்றில் ஐந்து பங்கு. ஐந்து நாளுக்கு ஒரு தடவை எங்கள் இறைப்பு முறை, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் நாள். சனி என்றும் இல்லை, தீபாவளி என்றும் இல்லை, முறை வந்தால் இறைக்க வேண்டும். பள்ளிக்கூட மதிலுக்கு அப்பால் இருந்த தோட்டக் கிணற்றுக்குப் பங்குக்காரர் நாலு பேர். மூன்று பேர் மண்ணெண்ணெய் மிசினால் இறைத்தார்கள். ஒருவர், செல்லத்துரை அண்ணை, மட்டும் கொம்பியூட்டர் வந்த பிறகு புதிதாக மின்சார மோட்டர் வாங்கியிருந்தார். அவருடைய மோட்டருக்கும் எங்கள் பள்ளிக்கும் ஒரே கம்பத்திலிருந்துதான் கம்பி போனது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரே குழாயில் இரண்டு திருகு பைப் இருந்தால், கீழே உள்ளதை யாராவது முழுவதும் திறந்தவுடன் மேலே உள்ளதில் தண்ணீர் நூலாகிவிடும். மோட்டர் தொடங்கும் கணத்தில் கரண்டுக்கும் அதுதான் நடந்தது. எங்கள் பக்கத்துக் கிணறு சுண்ணாம்புக்கல் கிணறு. கொஞ்சம் இறைத்தால் நீர் வற்றும். மோட்டரை நிறுத்தி, ஊற விட்டு, மறுபடி தொடங்குவார். அவர் ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் இங்கே எங்கள் பெட்டி அணைந்து எரிந்தது.

இருவரும் அவரிடம் போனோம். செல்லத்துரை அண்ணை வெங்காயப் பாத்திக்கு நடுவில் மண்வெட்டியோடு நின்றார்.

"என்ரை மோட்டருக்கும் உங்கடை ரீவீப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் ரீச்சர்? நான் களவிலை கம்பி இழுத்திருக்கிறனோ?"

"ஐயோ அண்ணை, குற்றம் சொல்ல வரேல்லை. ஒருக்காப் பரீட்சிச்சுப் பாப்பம். நான் மதிலடியிலை நிக்கிறன். குடையைத் தூக்கினால் மோட்டரைப் போடுங்கோ."

"உங்களுக்குத்தான் பரீட்சை வைக்கிற வருத்தம். எனக்குமோ?"

என்றாலும் போட்டார். நான் அறைக்குள் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். யன்னலால் பார்த்தால் மதிலடியில் கிறேஸ் ரீச்சர். கறுப்புக் குடை மேலே போனது. அங்கே மோட்டர் உறுமியது. இங்கே திரை இருண்டு, மறுபடி எரிந்தது. மூன்று தடவை குடை உயர்ந்தது, மூன்று தடவையும் பெட்டி அணைந்தது. வகுப்பு முழுவதும் யன்னலில் தொங்கிக்கொண்டு கைதட்டியது. பழுதடைவதற்குக் கைதட்டிய பிள்ளைகளை அன்றுதான் கண்டேன்.

நோய் தெரிந்துவிட்டது. மருந்துதான் கடினம். வெங்காயத்துக்குக் காலையில்தான் தண்ணீர் வேண்டும். "நான் தனிய முறையை மாத்தேலாது. நாலு பங்குக்காரரும் இருந்து கதைக்கோணும்" என்றார் செல்லத்துரை அண்ணை. அப்படியே ஒரு பின்னேரம் கிணற்றடியில் கூடினார்கள். எங்களுக்கு ஒரு வாங்கு போட்டுத் தந்தார்கள். கிறேஸ் ரீச்சர் அதில் உட்காரவில்லை. செல்லத்துரை அண்ணையின் முறை நாளில் மட்டும், எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை மோட்டர் போடாமல் விட வேண்டும் என்று கேட்டார். அவர்களில் மூத்தவர் ஆறுமுகத்தார் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"கிணத்திலை பங்கு இருக்கிறவனுக்குத்தான் முறை. உங்கடை கொம்பியூட்டர் எத்தினை பாத்தி வெங்காயம் நட்டிருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. கிறேஸ் ரீச்சர் அசையவில்லை.

"வெங்காயம் நடேல்லை ஐயா. நாப்பத்திரண்டு பிள்ளையள் நட்டிருக்கு. அதிலை உங்கடை பேத்தியும் ஒரு நாத்து."

ஆறுமுகத்தார் சால்வையை உதறித் தோளில் போட்டார். பிறகு செல்லத்துரை அண்ணையைப் பார்த்து, "உனக்குக் குறையிற இரண்டு மணித்தியாலத்தை அடுத்த நாள் விடியவெள்ளன என்ரை முறையிலை எடு" என்றார். அவ்வளவுதான். மோட்டர்க் கொட்டில் சுவரில் முறை எழுதும் இடத்தில், நாலு பெயருக்குக் கீழே செல்லத்துரை அண்ணை கரித்துண்டால் ஐந்தாவதாக எழுதினார்: கொம்பியூட்டர், எட்டு தொடக்கம் பத்து.

அந்தத் தவணையும் அடுத்த தவணையும் போல் ஒரு காலம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. முறை நாளில் எட்டு மணிக்கு வகுப்பு. அணையாமல், ஒரு எழுத்தும் போகாமல். பெட்டியைப் பட்டினத்துக்குக் கொடுக்கும் பேச்சு நின்றது. மாலதி ஒரு பக்கம் பிழையில்லாமல் அடித்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு நடுவில் சண்டை மறுபடி தொடங்கிக் குடாநாட்டுக்கு மின்சாரம் அடியோடு நின்றது. முதலில் ஒரு கிழமை என்று நினைத்தோம். பிறகு ஒரு மாதம் என்று நினைத்தோம். பிறகு நினைப்பதை விட்டுவிட்டோம். கிறேஸ் ரீச்சர் மட்டும் விடவில்லை. முறை நாளில் எட்டு மணிக்கு அறையைத் திறந்து, மூடியிருந்த துணியை எடுத்து, சுவிச்சை ஒருதரம் அழுத்துவார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அணைத்துவிடுவார். அதற்குப் பிறகு பிள்ளைகளை வரிசையாக இருத்தி, இருண்ட திரைக்கு முன்னால் எழுத்துகளைச் சொல்லிச் சொல்லி அடிக்க வைப்பார். "கரண்ட் வாற அண்டைக்கு விரல் மறந்துபோய் நிக்கக்கூடாது" என்பார். அந்த அறையைக் கடந்து போகும்போது விசைகளின் சத்தம் மட்டும் கேட்கும். மழை பெய்து ஓய்ந்தபின் ஓலையிலிருந்து சொட்டுகிறதே, அப்படி.

ஒருநாள் அந்த நேரத்தில் செல்லத்துரை அண்ணை மதிலடியில் வந்து நின்றார்.

"ரீச்சர், இண்டைக்கு உங்கடை முறை. தண்ணி வருது, வாய்க்காலை வெட்டி விடுங்கோ."

"எங்களுக்கு ஏன் அண்ணை தண்ணி? கரண்ட் எல்லே இல்லை."

"கரண்ட் இல்லாட்டி முறை இல்லையோ? முறை முறைதான்."

அவருடைய மோட்டரும் எங்கள் பெட்டியைப் போலவே சாக்கால் மூடப்பட்டுக் கிடந்தது. மண்ணெண்ணெய்க்கு வழியில்லாமல் பழைய துலா ஏற்றத்தை நட்டுக் காலால் மிதித்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் எங்களுக்கும் பங்கு. கிறேஸ் ரீச்சர் மறுத்துப் பார்த்தார், அவர் கேட்கவில்லை. பிறகு அறைச் சுவரோரமாக ஆறு வாழைக்குட்டி நட்டோம். பிள்ளைகள் அதற்குக் கொம்பியூட்டர் வாழை என்று பெயர் வைத்தார்கள். முதற்குலையில் ஒரு சீப்பைத் தட்டில் வைத்துக்கொண்டு கிறேஸ் ரீச்சர் கிணற்றடிக்குப் போனார். "பாத்தியளே ஐயா, எங்கடை கொம்பியூட்டர் காய்ச்சிருக்கு" என்று ஆறுமுகத்தாரிடம் கொடுத்தார். அந்த மனுசன் விழுந்து விழுந்து சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரோடு வெளிக்கிட்ட நாள், மூட்டை கட்டிய சைக்கிளோடு என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். "சரசு, ஒருக்காப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போவம்." ஷெல் சத்தம் கிட்டக் கேட்டது. நான் ஏசினேன். அவர் கேட்கவில்லை. அறையைத் திறந்தார், துணியை எடுத்தார், சுவிச்சை அழுத்தினார், பார்த்தார், அணைத்தார். தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பெட்டிக்கு மேல் போர்த்திவிட்டு என்னைக் கேட்டார்: "இண்டைக்கு ஆற்றை முறை?" யாருடைய முறை என்று எண்ணிச் சொல்ல என்னால் முடியவில்லை. சைக்கிளை உருட்டும் கையால் குடை பிடிக்க வழியில்லாமல், தென்மராட்சிக்குப் போய்ச் சேரும்வரை மழையில் நனைந்துகொண்டே வந்தார்.

அடுத்த வருடம் திரும்பியபோது அறையில் மேசைகூட இல்லை. வாழை மட்டும் புதராகிக் கிடந்தது. பல காலம் கழித்துக் குடாநாட்டுக்குக் கரண்ட் திரும்பி வந்தது. அதற்குள் அவர் ஓய்வுபெற்றிருந்தார். எத்தனையோ புதிய கொம்பியூட்டர்கள் பள்ளிக்கு வந்தன. ஒன்றைத் திறந்துவைக்க அவரைக் கூப்பிட்டார்கள். வந்தார், நாடாவை வெட்டினார். சுவிச்சைப் போடச் சொன்னபோது, "பிள்ளையள் போடட்டும்" என்று விலகி நின்றார். அவர் எதை நினைத்து நின்றார் என்று கேட்க அன்று எனக்கு மனம் வரவில்லை. இனிக் கேட்க இயலாது.

கடைசியாக அவரைப் பார்த்தது மாலதி வீட்டில். தனியாக இருக்க முடியாத நிலை வந்ததும் மாலதிதான் கூட்டிக்கொண்டு போய் வைத்துப் பார்த்தாள். நினைவு வந்து வந்து போனது. அணைந்து எரிகிறது என்று சொன்னால் அவரே சிரித்திருப்பார். நான் போன அன்று காலை கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைத் தெரிந்ததோ இல்லையோ, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"இண்டைக்கு ஆற்றை முறை, சரசு?"

இந்தத் தடவை நான் எண்ணிக்கொண்டு நிற்கவில்லை. "செல்லத்துரை அண்ணையின்ரை, ரீச்சர்" என்றேன்.

சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார். முகம் தெளிந்தது. "அப்ப எட்டு தொடக்கம் பத்து மணி மட்டும் எங்களுக்கு" என்றார்.

அவரிடமிருந்து எனக்கென்று ஒரு பொருளும் இல்லை. நேரம் குறித்த அந்தக் கடதாசி இடப்பெயர்வில் போய்விட்டது. குடையை மாலதி வைத்திருக்கிறாள். அவளிடம்தான் அது இருக்க வேண்டும். எனக்கு அவர் விட்டுப்போனது ஓர் எண்ணும் முறைதான். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அவர் போய் முப்பத்தொரு நாள் ஆகியிருக்கும். என் பழைய கணக்குப்படி, பள்ளிக்கூட நாளை மட்டும் எண்ணினால் இருபத்திரண்டுதான் வரும். ஆனால் அவர் இல்லாத வீட்டு வாசலில் சனிக்கிழமையும் விடிகிறது, ஞாயிற்றுக்கிழமையும் எட்டேகால் ஆகிறது. ஒன்றையும் விடாமல் எண்ணுகிறேன், ரீச்சர்.